பிரிட்ஜுக்கு ஒரு பூட்டு

"பிரிட்ஜுக்குப் பூட்டு இருக்கா?"

விண்ணரசி இப்படிக் கேட்டதும், இரும்புக்கடை துரைராசு எடைபோட்டுக்கொண்டிருந்த ஆணியைத் தராசிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பீரோவுக்குத்தானேக்கா?"

"பிரிட்ஜுக்கு. சாப்பாடு வைக்கிற பிரிட்ஜுக்கு."

"திருட்டு பயமா?"

"ஆமா. திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான்."

துரைராசுவுக்குப் புரிந்துவிட்டது. நன்னிலம் கடைத்தெருவில் அது புரியாத ஆள் கிடையாது. திருடன் என்றால் விண்ணரசியின் கணவர் குழந்தைராஜ். ஐம்பத்தேழு வயது, மூன்று ஏக்கர் குத்தகை நிலம், எட்டு வருடச் சர்க்கரை வியாதி, அந்த வியாதிக்கும் மூத்த ஒரு தொப்பை. அவருடைய கைக்கும் வாய்க்கும் நடுவில் காவல் நிற்பதுதான் விண்ணரசியின் முழுநேர உத்தியோகம். அதற்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

துரைராசு கொண்டியும் பூட்டும் தேடி எடுப்பதற்குள், விண்ணரசி கையோடு கொண்டுவந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, கடைக் குடத்திலிருந்தும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தாள். பங்குனி வெயில் அப்படி.

"அக்கா, கொண்டி அடிக்கணும்னா பிரிட்ஜோட பக்கவாட்டுல ஓட்டை போடணும். அதுக்குள்ளதான் கேஸ் பைப்பு..."

"எனக்குத் தெரியும். அந்த ட்ரில்லு மெஷினை ஒரு மணி நேரத்துக்குக் குடுங்க."

"இல்லக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். மெஷினைக் குடுங்க."

விண்ணரசியிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர் என்று அந்த ஊரில் ஒருவரும் கிடையாது. பங்குச் சாமியார் ஒருவர்தான் விதிவிலக்கு. அதுவும் அவர் கையில் மைக் இருப்பதால்.

அவளுக்கு இந்தக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்தால் பாவம்.

பொங்கல் கழிந்த வாரம் குழந்தைராஜின் சர்க்கரை எகிறிவிட்டது. மூன்று மாதச் சராசரி ஒன்பதரை; ஏழுக்குள் இருக்க வேண்டியது. கண்ணில் புரை வேறு விழுந்திருந்தது. சர்க்கரை இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டோம் என்று கும்பகோணத்துக் கண் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருவரும் டாக்டர் புகழேந்தியின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"பசிக்குது டாக்டர்" என்றார் குழந்தைராஜ், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல. "சாப்பிட்டு எழுந்தா, கையில ஈரம் காயறதுக்குள்ள திரும்பப் பசிக்குது."

"அது பசி இல்ல டாக்டர், நாக்கு" என்றாள் விண்ணரசி.

டாக்டர் பொறுமைசாலி. அப்பாவும் தாத்தாவும் விவசாயம் பார்த்த குடும்பம். "அம்மா, ஆத்துல தண்ணி நிரம்பிப் போகுது. ஆனா உங்க வாய்க்கால் மதகு மட்டும் திறக்கலை. வயல் என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

"வாய்க்கால் கடைசியில இருக்கிற கடைமடைக்காரன் என்ன பண்ணுவான்?"

"சாலை மறியல் பண்ணுவான்."

"அதேதான். ரத்தத்துல சர்க்கரை வெள்ளமா ஓடுது. அதை உடம்புக்குள்ள திறந்துவிடுற மதகு இன்சுலின். அது சரியா வேலை செய்யலைன்னா உடம்பு பூராவும் கடைமடை. எனக்கு ஒண்ணும் வந்து சேரலை, இன்னும் அனுப்புன்னு கத்தும். வயித்துல கிரெலின்னு ஒரு ஹார்மோன், பசியைக் கிளப்புறது. அது சும்மா இருக்காது. போதும், நிறைஞ்சிருச்சுன்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் ஒண்ணு இருக்கு, லெப்டின்னு. அதோட பேச்சு எடுபடாது. அப்புறம் மனுஷன் எப்படிம்மா நிறுத்துவான்? இது பேராசை இல்ல. சில பேரு தின்னுக்கிட்டே இருப்பாங்க, உடம்பு மட்டும்..."

"அதெல்லாம் சும்மா டாக்டர். ஹார்மோனாம்! எனக்கும்தான் பசிக்குது. நான் சொல்லிக்கிட்டுத் திரியறேனா?"

டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் விண்ணரசி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஹார்மோன் என்கிற சமாதானத்தை அவளால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. அவளுடைய அப்பா வைரக்கண்ணு சர்க்கரையில்தான் போனார். முதலில் கால் கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே முழுசாக. காலை எடுத்த மறுநாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "பசிக்குதும்மா, ஏதாச்சும் குடு" என்றுதான் கேட்டார். அப்போது விண்ணரசிக்கு இருபத்திரண்டு வயது. "வாயைக் கட்டத் தெரியாம காலைத் தொலைச்சீங்களே, இன்னுமா அடங்கலை?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டாள். அடுத்த வாரம் அவர் இல்லை. முப்பது வருடமாக அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, தான் சொன்னது நியாயம்தான் என்று நம்புவது. அப்பாவின் வாயைக் கட்டியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம். இவர் வாயைக் கட்டினால் இவர் காலைக் காப்பாற்றலாம். இவரையும் அப்படிப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்றைக்குப் பூண்டி மாதாவிடம் போய், ஈஸ்டர் வரைக்கும் குழந்தைராஜ் இனிப்பைத் தொடமாட்டார் என்று நேர்ந்துகொண்டு வந்தாள். நேர்ந்துகொண்டது அவள், பட்டினி கிடந்தது அவர். மாதாவும் இதில் தலையிடவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. புது மாத்திரை ஆரம்பித்து ஆறேழு வாரம் ஆன ஒரு மத்தியானம், குழந்தைராஜ் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கை கழுவ எழுந்தார்.

"போதும் அரசி. பசிக்கலை."

விண்ணரசி கரண்டியோடு அப்படியே நின்றாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"எங்க தின்னுட்டு வந்தீங்க?"

"எங்கயும் திங்கலை. டாக்டர் சொன்ன மாதிரியே பசி அடங்கிருச்சு."

"வீட்ல பசிக்கலைன்னா, வெளியில தின்னாச்சுன்னு அர்த்தம். இது தெரியாதா எனக்கு?"

"பசிக்குதுன்னாலும் திட்டுறே, பசிக்கலைன்னாலும் திட்டுறே. நான் எப்படித்தான் இருக்கறது?"

"பசிச்சுக்கிட்டு, திங்காம இருக்கணும்."

அவர் மிச்சம் வைத்த சோற்றை அவளே போட்டுச் சாப்பிட்டாள். மூன்று போகம் நெல் பார்த்த மண்ணில் பிறந்துவிட்டுச் சோற்றைக் குப்பையில் கொட்ட முடியுமா? பானையில் இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டாள். விட்டுவைத்தால் அவர் சாயங்காலம் வந்து கை வைப்பார். கண்ணெதிரே இல்லாத சோற்றை யாரும் திருட முடியாது என்பது அவள் கண்டுபிடித்த பாதுகாப்பு முறை.

தவக்காலத்து ஒருசந்தி நாட்களில் ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும். விண்ணரசி அந்த விதியை மீறியதே இல்லை. ஒரே வேளைதான். அந்த வேளை காலை பதினோரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும்.

இத்தனை காவல் இருந்தும் அரிசி குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மாதம் வருகிற இருபத்தைந்து கிலோ மூட்டை, ஒரே மாதத்தில் அடியைக் காட்டியது. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். ஒருவர் பசிக்கவில்லை என்கிறார். இன்னொருத்தி ஒருசந்தி. அப்படியென்றால் திருடன் யார்? இந்தக் கணக்குக்கு ஒரே விடைதான் உண்டு என்று விண்ணரசிக்குத் தோன்றியது. அதனால்தான் பூட்டு.

வீட்டுக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரிட்ஜின் பக்கவாட்டில் மெஷினை வைத்து அழுத்தினாள். முதல் ஓட்டை சுத்தமாக விழுந்தது. இரண்டாவது ஓட்டையில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு நிமிடம் சீறிவிட்டு, பதினோரு வருடம் உழைத்த பிரிட்ஜ் அடங்கிப்போனது.

குழந்தைராஜ் உளுந்து வயலிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அரசி, பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு."

"பிரிட்ஜு சத்தத்தையே காணோமே."

"எல்லாம் உங்களாலதான்."

பூட்டிய பிரிட்ஜைத் திறந்து பார்த்தால், உள்ளே இட்லி மாவு, நெத்திலிக் குழம்பு, எடுத்து வைத்திருந்த தேங்காய்ப்பால், இரண்டு படிக்குக் குறையாத பழைய சோறு, மஸ்கட்டிலிருந்து மகள் ஜாஸ்லின் அனுப்பிய பேரீச்சம்பழமும் சாக்லேட் டப்பாவும். எல்லாம் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். குழம்பைப் பக்கத்து வீட்டு எல்சிக்குக் கொடுத்தாள். மற்றதை அவருக்குத் தெரியும்படி வைக்க முடியாது, கொட்டவும் மனசு வராது. விண்ணரசி கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாள். சாக்லேட் உருகத் தொடங்கியிருந்ததால் அதில்தான் ஆரம்பித்தாள். பேரீச்சம்பழம் கெடாது என்பது டப்பா காலியான பிறகுதான் ஞாபகம் வந்தது.

குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த எல்சி, தையல்காரி என்பதால், முகத்தைப் பார்க்கும் முன்னால் தோளைப் பார்த்தாள். "ஏக்கா, போன மாசம்தானே ஜாக்கெட்டைப் பிடிச்சுக் குடுத்தேன்? மறுபடியும் தொளதொளங்குது. சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டே. என்னக்கா ரகசியம்?"

"ரகசியமா? ஒரு சுகர் பேஷண்டுக்குக் காவல் இருந்து பாரு. நடந்த நடைக்கும் கத்துன கத்துக்கும் தானா இளைப்பே."

பிரிட்ஜ் செத்த சேதி கேட்டு ஜாஸ்லின் போன் செய்தாள். "அம்மா, பூட்டெல்லாம் வேணாம். அப்பா தின்னாரா இல்லையான்னு ரத்தத்தைக் கேட்டா சொல்லிடப்போகுது. வீட்டுக்கே வந்து எடுக்கிற பேக்கேஜ் இருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ரேட்டு. நான் இங்கிருந்தே கட்டிடறேன்."

"அவருக்கு மட்டும் போதும். எனக்கு என்ன கேடு?"

"ஒருத்தருக்குன்னாலும் அதே காசும்மா."

மறுநாள் காலை லேபிலிருந்து வானதி என்ற பெண் பையோடு வந்தாள். குழந்தைராஜ் சட்டைக் கையைச் சுருட்டி, "எடும்மா. உண்மை வெளிய வரட்டும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவருக்கு எடுத்து முடித்ததும் விண்ணரசி தன் கையையும் நீட்டினாள். ஜவுளிக்கடையில் புடவைக்கு இலவசமாகத் தருகிற பிளாஸ்டிக் வாளியையே விட்டுவிட்டு வராதவள், காசு கட்டிய பரிசோதனையை விடுவாளா?

இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. குழந்தைராஜுக்குப் புரை. விண்ணரசிக்கோ கொஞ்ச நாளாக போன் எழுத்தெல்லாம் கலங்கலாகவே தெரிந்தது. மகள் வாங்கிக் கொடுத்த போன் மட்டம் என்பது அவள் முடிவு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தள்ளிப் பார்த்தாள். முதல் பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு எண், சிவப்பில், தடியாக: 11.8.

ஒன்பதரையில் இருந்தது பன்னிரண்டை எட்டிப் பிடிக்கிறது! அப்பாவுடைய வெட்டிய கால் ஒரு கணம் கண்முன் வந்து போனது. அந்தப் பயத்தைக் கோபமாக மாற்ற அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து வானதி போன் செய்தாள். "அம்மா, ரெண்டு ரிப்போர்ட்டும் பார்த்தீங்களா? அதுல ஒண்ணு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. உடனே டாக்டரைப் பாக்கணும். அது யாரோடதுன்னா..."

"தெரியும்மா தெரியும். முப்பது வருஷமா குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா? வை போனை."

வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த குழந்தைராஜின் மூக்குக்கு நேரே போனை நீட்டினாள். "பதினொண்ணு புள்ளி எட்டு! இப்ப என்ன சொல்றீங்க?"

"மெஷின் தப்பு."

"போன தடவை மெஷின் சரியா இருந்துச்சு, இந்தத் தடவை தப்பா?"

"அரசி, நான் ஒரு பருக்கை வெளியில திங்கலை. பூண்டி மாதா சத்தியம்."

"மாதாவை இழுக்காதீங்க. அவங்களுக்கே நான் பதில் சொல்லணும்."

"டாக்டர்கிட்ட போவோம், வா."

"அவரு ஹார்மோன் கதை சொல்லி உங்களுக்குத்தான் வக்காலத்து வாங்குவாரு. இதை நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட விதம், ஊர் அதுவரை பார்க்காதது. ஞாயிறு பூசை முடிவில் உபதேசியார் கிளமென்ட் அறிவிப்புகள் வாசிப்பார். முதலில் கல்யாண ஓலை, அதாவது யாருக்கும் யாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்கிற அறிவிப்பு; கடைசியில் கோயில் பெருக்கும் முறை. நடுவில் வாசிக்கச் சொல்லி விண்ணரசி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். கிளமென்ட் இருபது வருடமாக ஓலை வாசிக்கிறவர். வாயில் வருவது ஒரே ராகம்.

"நம் பங்கைச் சேர்ந்த திரு. குழந்தைராஜ் அவர்களுக்குச் சர்க்கரை மிகவும் அதிகமாகிவிட்டபடியால், அவருக்கு இனிப்போ, எண்ணெய்ப் பலகாரமோ, சாப்பாடோ யாரும் கொடுக்க வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொள்கிறார்." இதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், அடுத்த வரியும் தானாக வந்துவிட்டது: "இதற்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள், பங்குச் சாமியாரிடம் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கடமை என்று சொல்லிவிட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அன்று சாயங்காலமே சாமியார் வீட்டு வாசலில் எட்டுப் பேர். டீக்கடைக்காரர், தைப்பூசத்துக்கு முந்தின நாள் குழந்தைராஜ் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டதைத் தேதியோடு சொன்னார். பஸ் ஸ்டாண்ட் பழக்கடைக்காரி, அவர் பலாச்சுளையை விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனதாகவும், ஆனால் பார்த்த பார்வை சரியில்லை என்றும் சாட்சி சொன்னாள்.

அதைவிட மோசம் அனுதாபம். சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சமைத்துக் கொண்டுவந்தது. வரகுப் பொங்கல், கேழ்வரகுக் களி, மாப்பிள்ளைச் சம்பாப் புட்டு, கறுப்புக் கவுனியில் பாயசம். "கருப்பட்டிதான் போட்டிருக்கேன், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லாத ஆளில்லை. மேசை நிரம்பி, ஜன்னல் நிரம்பி, தையல் மெஷின் மேலேயும் கிண்ணம் ஏறியது. வைக்கப் பிரிட்ஜ் இல்லை. கொண்டுவந்தவர்கள் மனசு நோகும் என்பதால் திருப்பித் தர முடியாது. மூன்று நாள் விண்ணரசி தனி ஆளாக நின்று அத்தனையையும் ஒழித்துக்கட்டினாள். ஆச்சரியம் என்னவென்றால், அத்தனைக்குப் பிறகும் பாயசக் கிண்ணத்தைக் கழுவும்போது அவளுக்கு வயிறு காலியாகவே இருந்தது. மனக்கவலை என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தைராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. சாதுவான மனிதர். ஆனால் கோயிலில் ஓலை போட்டு மானத்தை வாங்கினால் சாதுவுக்கும் ரோஷம் வரும்.

புதன்கிழமை காலை, அவள் ஆழாக்கில் அளந்து போட்ட உப்புமாவைத் தள்ளி வைத்தார். "வேணாம்."

"மறுபடி பசிக்கலையா?"

"பசிக்குது. இப்ப நிஜமாவே பசிக்குது. ஆனா திங்க மாட்டேன். நான் திருடன் இல்லைன்னு நீ ஒத்துக்கற வரைக்கும் இந்த வீட்ல பச்சைத்தண்ணி தொடமாட்டேன். இது என்னோட மறியல்."

"மாத்திரை?"

"மாத்திரை போடுவேன். அது டாக்டர் குடுத்தது. சோறு நீ குடுக்கறது."

"பாக்கலாம், எத்தனை மணி நேரம்னு" என்றாள் அவளும் விட்டுக்கொடுக்காமல்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, துண்டைத் தோளில் போட்டு உளுந்து பிடுங்கும் வயலுக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்கு வயலிலிருந்து ஆள் ஓடிவந்தது. வேர்த்துக் கொட்டி, கை கால் வெடவெடத்து, என்னவோ குழறிப் பேசி, உளுந்துக் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாராம்.

விண்ணரசி செருப்புப் போடாமல் ஓடினாள். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் திட்டிக்கொண்டே அழுதாள். "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க. கண்ணைத் திறங்க. கண்ணைத் திறந்தா ரெண்டு பஜ்ஜி வாங்கித் தர்றேன்." முப்பது வருடத்தில் அவள் சொன்ன மிகப் பெரிய காதல் வசனம் அதுதான். கேட்க அவருக்குத்தான் நினைவில்லை.

டாக்டர் புகழேந்தி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "குளுக்கோஸ் ஏத்துங்க, சீக்கிரம்" என்று நர்ஸிடம் கத்தினார்.

"டாக்டர்! சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையா ஏத்துறீங்க?"

"இந்த நிமிஷச் சுகர் ஐம்பத்தி நாலுதாம்மா இருக்கு. எழுபதுக்குக் கீழ இறங்கவே கூடாது. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடலையா? இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா ஆளையே பாத்திருக்க முடியாது."

பத்து நிமிடத்தில் குழந்தைராஜ் கண்ணைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் திங்கலை" என்றார். அதுதான் முதல் வார்த்தை.

"தெளிஞ்சதும் ஏதாவது சாப்பிடக் குடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதால், விண்ணரசி எதிர்க்கடைக்கு ஓடி நான்கு பன் வாங்கி வந்தாள். அவர் ஒன்றை மெல்லச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல, போதும் என்றார். அழுத களைப்பில் அவளுக்குக் குடலைப் பிடுங்குகிற பசி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பயம் தெளிந்ததும் கோபம் பழையபடி திரும்பி வந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை டாக்டர். மூணு மாசமா திருட்டுத்தனமா தின்னு பதினொண்ணு புள்ளி எட்டு ஏத்தி வச்சிருக்கிற மனுஷன். ஒரு வேளை திங்கலைன்னா ஐம்பத்தி நாலுக்கு இறங்குமா?"

"பதினொண்ணு புள்ளி எட்டா? இவருக்கா?" டாக்டர் முகம் சுருங்கியது. "இருக்காதேம்மா."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்தாங்க பாருங்க. சிவப்புல போட்டிருக்கான்."

அந்த நேரத்தில், கிளினிக்கில் எடுத்த ரத்த மாதிரிகளை வாங்கிப் போக வானதி பையோடு உள்ளே வந்தாள். விண்ணரசி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே. நீ எடுத்த டெஸ்டுதானே இது? நீயே சொல்லு டாக்டர்கிட்ட. ஹார்மோன் பசியாம்! பசி பசின்னு தின்னு தின்னுதான் எங்கப்பன் காலையும் தொலைச்சு உசுரையும் விட்டாரு. வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு ஹார்மோன் ஒரு சாக்கு. நான் கட்டலையா? நாப்பது நாளா ஒருசந்தி இருக்கேன். நான் பசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

சொல்லிக்கொண்டே இரண்டாவது பன்னையும் முடித்துவிட்டு, பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, மிச்சமிருந்த கடைசிப் பன்னைப் பிய்த்தாள். டாக்டர் புகழேந்தி அந்தக் கையையே பார்த்தார். பிறகு தோளில் வழிந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு கேட்க நினைத்து, கேட்க முடியாமல் போன கேள்வி அவருக்கு ஞாபகம் வந்தது. போனை வானதியிடம் கொடுத்தார்.

வானதி இரண்டு விரலால் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, மெல்ல மேலே தள்ளினாள். குறுக்கே பேச விண்ணரசி வாயெடுத்தாள். ஆனால் வாய் நிறையப் பன் இருந்தது. அதனால் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் இருந்தவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்.

"அம்மா, சார் ரிப்போர்ட்டு முதல் பக்கம், அது ஆறு புள்ளி எட்டு, நல்லா இறங்கியிருக்கு, இந்தச் சிவப்பு நம்பர் இருக்கற பக்கத்துக்கு மேல பேரு போட்டிருக்கு பாருங்க: விண்ணரசி, பெண், வயசு ஐம்பத்திரெண்டு."